கைக்கு வைத்த துணி

1986 ஜூன் 14 – 20 செ.மீ.
1987 டிசம்பர் 19 – 22 செ.மீ.
1989 நவம்பர் 25 – 20 செ.மீ.
1995 ஏப்ரல் 8 – 24 செ.மீ.
2004 டிசம்பர் 11 – 25 செ.மீ.
2012 மே 26 – 20 செ.மீ.
2021 மார்ச் 27 – 20 செ.மீ.
சில்லறைத் தேதிகளையும் சேர்த்து மொத்தம் 57 துண்டு. 12 மீட்டர் 46 செ.மீ.

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஜோசியா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுப்பார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று மனைவி பியூலாவிடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால்தான் திறக்கும் என்று பக்கத்து வீட்டில் ஒரு வதந்தி உண்டு. அது பொய். எந்தச் சாவியாலும் திறக்கலாம். ஆனால் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

உள்ளே வேப்பிலைக்கும் அந்துருண்டைக்கும் நடுவில் ஐம்பத்தேழு ரவிக்கைத் துண்டுகள். கரும்பச்சை, குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ ஊதா, வெள்ளையில் நீலப்புள்ளி, மயில்கழுத்து, பாலாடை மஞ்சள். ஒவ்வொன்றையும் விரித்து, இரும்பு ஸ்கேலால் அளந்து, நோட்டைப் பார்த்து, 'சரி' என்று முணுமுணுத்து மடிப்பார். துணி தானாக வளராது, தானாகக் குறையாது என்று பியூலா பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். 1991-ல் ஒரு துண்டு அரை சென்டிமீட்டர் குறைந்தது என்பது அவருடைய பதில். அந்த வாரம் வீட்டில் விசாரணை நடந்தது. வேலைக்காரியையும் கேட்டார், கரப்பானையும் சந்தேகப்பட்டார். கடைசியில் தையல் டேப்தான் இழுபட்டு நீண்டிருந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்து அளவையெல்லாம் சிவப்பு மையில் திருத்தினார். அன்றுமுதல் இரும்பு ஸ்கேல்.

வயது எழுபது. காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தாத்தா காலத்தில் நாசரேத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். வீடு லோத்குண்டாவில், பட்டாளத்துச் சுவரை ஒட்டிய மூன்றாவது சந்தில். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையில் எத்தனை பூ என்று அவர் எண்ணியதாகச் சொல்வார்கள். அதுவும் வதந்தி. எண்ணவில்லை, எடை மட்டும் பார்த்தார்.

ஸ்டோரில் இருந்தபோது ஒரு ஆணி வேண்டுமென்றாலும் அவரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய அதிகாரி வந்து கை நீட்டினாலும் ஒரே சொல்தான்: "எழுத்துல வரட்டும்." வீட்டுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. 1998-ல் குடையில் விழுந்த ஓட்டையை ஒட்டுப்போட உள்ளங்கை அளவு துணி தேவைப்பட்டது. அவரே சீட்டு எழுதி, பியூலாவிடம் நீட்டினார். பியூலா சீட்டின் கீழே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க ஓட்டைக் குடையோடு அலைந்தார். சீட்டை இன்னும் வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு துண்டு பெட்டியை விட்டு வெளியே போயிருக்கிறது. 2004 கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ஞானிகளில் ஒருவருக்குத் தலைப்பாகைத் துணி கிடைக்கவில்லை என்று சர்ச் ஐயரே வீட்டுக்கு வந்தார். ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இஸ்திரி போட்டுத் திரும்பி வந்த துணியில் மினுக்குத் தூள் ஒட்டியிருந்தது. 'திரும்பப் பெற்றது. நிலை: நன்று. மினுக்குகிறது' என்று நோட்டில் இருக்கிறது.

இந்தத் துண்டுகள் எப்படிச் சேர்ந்தன என்றால், பியூலா தன் ரவிக்கைகளைத் தானே தைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் துணிக்கடையில் கால் மீட்டருக்கு மேற்படாமல் கூடுதல் துணி வாங்குவாள். கேட்டால் கைக்கு என்பாள். தைக்கும்போது கையை முழங்கைக்கு மேலேயே நிறுத்திவிடுவாள். மிச்சத்தை மடித்துப் பெட்டியில் வைப்பாள். இவர் நோட்டில் தேதி, அளவு, நிறம் எழுதி, எதற்கு என்ற கட்டத்தில் 'கைக்கு' என்று எழுதுவார். சீட்டிலும் அதையே எழுதி ஊக்கால் குத்துவார். போதுமான அளவு சேர்ந்ததும் எல்லாவற்றையும் இணைத்து ஒரு ரஜாய் தைக்கப்போகிறேன், நீங்க சாகுற வரைக்கும் போத்திக்கிடலாம் என்று பியூலா கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வந்தாள். எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று மட்டும் சொல்லவில்லை.

2021-ல் அவளுடைய வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. மூட்டு வாதம். ஊசி பிடிக்க முடியவில்லை, கத்தரியும் பிடிக்க முடியவில்லை. தையல் மெஷினின் மேல் டி.வி. ரிமோட்டும் மருந்து டப்பாவும் வந்து உட்கார்ந்தன. ரஜாய் பேச்சு நின்றது. அதோடு வேறு பல பேச்சும் நின்றது. சனிக்கிழமை அளவெடுக்கும்போது சாவியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். விதிப்படி பக்கத்தில் இருந்தாள் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஜோசியாவுக்கு அந்தப் பதிவு சரியென்று படவில்லை.

போன வருஷம் அக்டோபரில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தைக்கிற ஆள் ஒருத்தி இருந்தாள். அவருடைய ஸ்டோரில் தார்ப்பாய் தைத்த ஆளின் மகள், சபீனா. காஞ்சன்பாக்குக்குப் பின்னால் வீடு. கல்யாணத்துக்குக் கொடுக்கும் ரஜாய்கள் தைப்பவள். பியூலாவிடம் சொன்னார். அவள் பெட்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என் துணியில் இன்னொருத்தி கை வைப்பதா என்பதுதான் அவள் மனதில் ஓடியது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"கத்தரி வைக்கும் முன்ன ஒவ்வொரு துண்டுக்கும் என்கிட்ட கேக்கணும். நான் சரின்னா வெட்டட்டும். இல்லன்னா பெட்டி அப்படியே திரும்பி வந்திரணும்."

ஜோசியாவுக்கு இதைவிட நல்ல நிபந்தனை தோன்றியிருக்காது.

சபீனாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் சீட்டுகளை ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டியிருந்தது. சைனிக்புரியில் இருக்கும் மகள் பெர்லின் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபிள் அடிக்கும் கையடக்க மெஷினோடு வந்தாள். பெர்லின் சுவர் இடிந்த வாரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். தேதி நோட்டில் இருக்கிறது. அவளுக்கும் தமிழ் கேட்கத்தான் தெரியும், படிக்க வராது. "டாடி, இதெல்லாம் ஏமிட்டி?" என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு சீட்டாக வாசித்தார்: எண் ஒன்று, கரும்பச்சை, கைக்கு. எண் இரண்டு, குங்குமச் சிவப்பு, கைக்கு. காதில் விழுந்ததை அவள் ஆங்கில எழுத்தில் அடித்தாள். எண்ணும் அந்த ஒரு சொல்லும் மட்டும் லேபிளில் இடம் பிடித்தன. ஐம்பத்தேழு லேபிள், ஐம்பத்தேழிலும் கைக்கு.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பிழைப்பு உண்டு. ஹைதராபாத் தெருவில் பேசும் உருதுவில் கைக்கு என்றால் ஏன், எதுக்கு. ஜோசியாவுக்குத் தெரியாததல்ல. தினமும் காலை ஏழரைக்குத் தள்ளுவண்டிக்காரரிடம் தக்காளி விலையைக் கேட்டுவிட்டு, "இத்னா கைக்கு?" என்று சண்டை பிடிப்பவர் அவர்தான். அவர் தலைக்குள் இரண்டு சொல்லும் இரண்டு அலமாரியில் இருந்தன. வண்டிக்காரரிடம் திறக்கும் அலமாரியை அவர் துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்ததே இல்லை.

அக்டோபர் 28-ஆம் தேதி பெர்லினின் காரில் பெட்டி காஞ்சன்பாக் போனது. அதோடு சொந்த விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய பதினோரு உறைகளையும் கொடுத்தார். பியூலாவின் நிபந்தனையைச் சொல்லி, போனில் பேச வேண்டாம், வாட்ஸப்பும் நக்கோ, எதுவானாலும் எழுத்தில் வரட்டும் என்றார். சபீனா உறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் சொல்லும் ஹவ்வைச் சொன்னாள்.

முதல் கடிதம் நவம்பர் 8-ஆம் தேதி வந்தது. ஆங்கில எழுத்தில் உருது. முதல் வரி: கேட்டதற்குப் பதில். கீழே எட்டுத் துண்டுகளுக்கு வரிசையாகக் காரணம்.

எண் 2, சிவப்பு: இது இல்லாவிட்டால் ரஜாய் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துப் போகும். எண் 4, ஊதா: பக்கத்தில் மஞ்சள் தனியாக நின்று பயப்படுகிறது. எண் 7, மயில்கழுத்து: இது வேண்டாமென்றால் எட்டும் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

ஜோசியா எழுந்து நின்றுவிட்டார். முப்பத்து மூன்று வருஷ வேலையில் ஒருவன்கூடக் கேட்காமல் காரணம் எழுதிக் கொடுத்ததில்லை. இவள் துணிக்குத் துணி எழுதுகிறாள். பியூலாவை ஜன்னலோரத்திலிருந்து கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

"பாத்தியா? இது வேலை. ஊதா ஏன்னு நாம கேக்கவே இல்ல. அவளே சொல்லுதா."

பியூலா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மஞ்சள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டாள். 1992-ல் அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், அது ஒன்றும் பயந்த நிறம் இல்லை என்றாள். இருந்தாலும் ஏழுக்குச் சம்மதம் கொடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் கொடுக்கவில்லை. எண் 1, கரும்பச்சை. சபீனா அதற்கும் எட்டாவதாகக் காரணம் எழுதியிருந்தாள்: ஓரத்துக்கு நல்லது. பியூலா யோசித்துவிட்டு, காரணம் போதாது என்று எழுதச் சொன்னாள்.

இரண்டாவது கடிதம் நவம்பர் 15. வெள்ளைத் துணி பற்றி எழுதும்போது சபீனா கொஞ்சம் சூடாகியிருந்தாள். ஜோசியா அதை, அக்கா என்பதற்கு அவள் எழுதிய ஆபாவோடு, அப்படியே வாசித்தார்: பியூலா ஆபா, சிவப்புக்குக் கேட்டீர்கள் சரி, பச்சைக்குக் கேட்டீர்கள் சரி, வெள்ளைக்குமா கைக்கு? வெள்ளைக்கு யாராவது காரணம் கேட்பார்களா?

பியூலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. ஜோசியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். டாக்டரிடம் சொல்ல உதவும்.

அந்த இருமல் மறுபடி மறுபடி வந்தது. தபால் வரும் நாளில் மட்டும் வந்தது. பியூலா மூன்று மணியிலிருந்தே வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். அவளுக்குப் பசி எடுத்தது. எண் 19-க்கு சபீனா எழுதிய காரணத்தை, இது இல்லாவிட்டாலும் நடக்கும், ஆனால் ராத்திரி இது ஞாபகம் வரும் என்பதை, பாராட்டி எழுதச் சொன்னாள். எண் 23-க்குச் சொன்ன காரணத்தைச் சோம்பேறித்தனம் என்று தள்ளினாள். ஞானி தலையில் கட்டிய துண்டு எண் 31. ஏன் மினுக்குகிறது என்று சபீனா பதிலுக்குக் கேட்டிருந்தாள். ஜோசியா ரசீதின் நகலை அனுப்பினார்.

இரண்டு பேரும் இவ்வளவு பேசி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அது அவருடைய நோட்டில் இல்லை, ஆனால் கணக்கு அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் எண் 1-க்கு சபீனா புதிதாக ஒரு காரணம் எழுதுவதையும், ஒவ்வொன்றுக்கும் பியூலா காரணம் போதாது என்பதையும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. எட்டாவது கடிதத்தோடு ஐம்பத்தாறு துண்டுகள் முடிந்தன. கரும்பச்சை மட்டும் நின்றது.

ஒன்பதாவது கடிதம் ஜனவரி 6. அதில் காரணமே இல்லை.

"ஐம்பத்தாறு தடவை கேட்டீர்கள், பதில் சொன்னேன்" என்று எழுதியிருந்தாள் சபீனா. "என் மாமியார்கூட இத்தனை கைக்கு கேட்டதில்லை. எண் ஒன்றுக்கு எட்டுப் பதில் சொல்லிவிட்டேன். இனி என் முறை, ஒரே ஒரு கேள்வி. ஆபா, முப்பத்தேழு வருஷம் இந்தத் துணியை வைத்திருந்தீர்களே, கைக்கு? இருபதாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் பெட்டி அப்படியே திரும்பி வரும். ஊசியில் நூல் கோக்க மாட்டேன்."

ஜோசியா ஐம்பத்தாறு தடவை என்ற இடத்துக்குத் திரும்பிப் போனார். நாம் எப்போது கேட்டோம்? அவள் எழுதினாள், நாம் சம்மதம் சொன்னோம். பழைய கடிதங்களை வரிசையாக எடுத்துப் பரப்பினார். பெர்லின் அடித்ததில் மிஞ்சிய ஒரு லேபிள் நோட்டு அட்டையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தார். இரண்டு அலமாரியும் ஒரே சமயத்தில் திறந்தன.

"பியூலா" என்றார் கடைசியில். "அவ இத 'ஏன்'னு படிச்சிருக்கா."

"நவம்பர் பதினஞ்சுலயே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் இருமுனேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டோருக்கு வர வேண்டிய தகவலை ஐம்பத்திரண்டு நாள் ஒளித்து வைத்திருக்கிறாள். கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் அந்த ஐம்பத்திரண்டு நாளில் மருந்துச் சீட்டில் இருமல் மருந்து ஒன்று ஏறியிருந்தது. அது வீண் செலவு என்று மட்டும் சொன்னார். பேனாவை எடுத்தார். மேற்படி சொல் தமிழ்ச் சொல், சட்டைக் கை, ரவிக்கைக் கை என்ற பொருளில் எழுதப்பட்டது, தங்களைக் கேள்வி கேட்கும் நோக்கம் இல்லை என்று ஒரு விளக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றார்.

பியூலா தலையாட்டினாள், இல்லை என்று.

"அது சீட்டுக்குப் பதில். அவ என்னையல்லா கேட்டிருக்கா."

நாலு நாள் அவள் இருமவில்லை. வாசலுக்கும் போகவில்லை. பெட்டி திரும்பி வந்தால் இனி அது திறக்காது என்று ஜோசியாவுக்குப் புரிந்தது. சாவி இரண்டு இருந்தும் பயனில்லை. ஐந்தாம் நாள், ஜனவரி 11, பியூலா முதல் நோட்டை எடுத்து வரச் சொன்னாள். 1986-ல் தொடங்கிய நோட்டு, சிவப்பு முதுகு. முதல் பக்கத்தை உரக்க வாசியுங்க என்றாள்.

அவர் வாசித்தார். "1986 ஜூன் 14. கரும்பச்சை. 20 செ.மீ. கை குட்டையாகத் தைத்ததில் மிச்சம். குறிப்பு: நல்ல பழக்கம்."

"இன்னொரு தடவ."

வாசித்தார். மூன்றாம் தடவை 'நல்ல பழக்கம்' என்ற இடத்தில் விரலை ஊன்றிக்கொண்டார். அது அவருடைய கையெழுத்து, இளம் வயதுக் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒரே அளவு. அந்த வருஷம் கல்யாணமாகி ஆறு மாதம். மணிக்கட்டு வரை கை வைத்து ரவிக்கை தைத்துக்கொள்ளப் போவதாகப் புதுப்பெண் துணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். இவர் டேப்பை வைத்து அளந்து பார்த்து, முழங்கைக்குக் கீழே துணி என்னத்துக்கு, இருபது சென்டிமீட்டர் மிச்சப்படுமே என்றார். சொன்னது அவ்வளவுதான். அவள் குட்டையாக வெட்டினாள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் நீளக் கைக்குத் துணி வாங்கி, குட்டைக் கை தைத்து, மிச்சத்தை அவரிடமே கொடுத்து எழுதச் சொன்னாள். அவரும் ஐம்பத்தேழு தடவை எழுதினார். ஐம்பத்தேழு தடவையில் ஒரு தடவைகூட ஏன் என்று அவர் கேட்டதாகப் பதிவு இல்லை.

நோட்டை மூடினார். திரும்பத் திறந்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மாட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 1991-ல் திருத்தியது போல இதைத் திருத்த முடியவில்லை.

மறுநாள் பியூலா பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு தானே எழுதினாள். மூன்று வரிக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அவர் எட்டிப் பார்த்தபோது பத்திரிகையால் மறைத்துக்கொண்டாள். "இது உங்க ஸ்டோருக்கு இல்ல" என்றாள். உறையை ஒட்டியதும் அவளே. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறைத் தராசு சொன்னதுதான்: உறையோடு 9 கிராம்.

பத்தாவது கடிதம் ஜனவரி 20. ஒரே வரி. பதில் கிடைத்தது, நூல் கோத்தாயிற்று.

பிப்ரவரி 13-ஆம் தேதி பெர்லின் காஞ்சன்பாக் போய் ரஜாயை வாங்கிக்கொண்டு வந்தாள். கார்க் கதவைத் திறக்கும்போதே அவள் முகம் சரியில்லை.

"டாடி, இதுக்கு ஸ்லீவ்ஸ் இருக்கு."

மேசையில் விரித்தார்கள். ஆறடிக்கு ஐந்தடி. சிவப்பு காய்ச்சலைப் போக்கியிருந்தது, ஊதா மஞ்சளுக்குத் துணை நின்றது, மயில்கழுத்தும் எட்டாம் எண்ணும் பார்த்துக்கொண்டிருந்தன, 31 மினுக்கியது. மேல் ஓரத்தில், தோளுக்கு நேராக, இரண்டு கைகள் தொங்கின. பஞ்சு வைத்துத் தைத்த நீளக் கைகள். இரண்டும் மணிக்கட்டைத் தாண்டி நீண்டன. முனையில் மட்டும் கரும்பச்சை.

ஜோசியா சுற்றிச் சுற்றி வந்தார். போர்வை என்றால் கை இருக்காது, கை இருந்தால் அது போர்வை இல்லை. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. எந்தத் தலைப்பில் ஏற்றுவது? உருப்படி ஒன்றா, கைகளோடு மூன்றா? எழுத்தில் விளக்கம் வரும் வரை ஏற்க முடியாது என்று 'பரிசீலனையில்' என்ற அட்டையைக் கட்டி, மேலே பழைய செய்தித்தாளைப் போர்த்தினார். பெர்லின் தலையில் அடித்துக்கொண்டு சைனிக்புரிக்குப் போய்விட்டாள். பியூலா வாதாடவில்லை. நாலு நாளும் அவள் பழைய கம்பளியையே போர்த்திக்கொண்டாள். போகிற வழியில் மட்டும் செய்தித்தாளைத் தூக்கி ஒரு கையைப் பார்த்துவிட்டு மூடினாள். பிப்ரவரி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குளிர் முடிவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்ற கவலை அவளுக்கு இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மூன்று நாற்பதுக்குத் தபால் வந்தது. பதினோராவது உறை, கடைசி உறை. உள்ளே காகிதம் இல்லை. பெர்லின் அடித்த லேபிள்களில் ஒன்று, எண் 1, துணியிலிருந்து கழற்றி அப்படியே வைத்திருந்தது. அச்சடித்த சொல்லுக்கு முன்னால் சபீனா பேனாவால் ஒரு சொல் சேர்த்திருந்தாள்.

ஜோசியா உரக்க வாசித்தார். "ஹவ். கைக்கு."

எந்த மொழியில் வாசித்தோம் என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. ஆமாம் என்று அவள் யாருக்கோ சொல்லியிருக்கிறாள். பியூலா எழுதிய மூன்று வரி என்னவென்று அவர் கேட்கவில்லை. மேசைக்குப் போய் செய்தித்தாளை எடுத்தார். அட்டையை அவிழ்த்தார். பழக்கத்தில் கை ஸ்கேலைத் தேடிப் பிடித்தது. பிடித்ததைத் திரும்ப வைத்துவிட்டார். ரஜாயின் வலது கையைத் தூக்கி, இரண்டு கட்டைவிரலாலும் அதன் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரத்து நாற்காலிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

பியூலா மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். கை போய்க்கொண்டே இருந்தது. கரும்பச்சைக்குள் விரல் நுனியும் மறைந்தது. அவர் விடவில்லை. துணியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றார்.

உறையின் பின்புறத்தில் அவர் பிறகு எழுதியது ஒரே வரி. பெற்ற நாள்: 2024 பிப்ரவரி 17.